அது கடல் அட்டை அன்று, ஓடில்லாக் கடல் நத்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வந்த போர்ட்டிக்சன் கடற்கரைக் கட்டுரையைப் படித்தோம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கடல் வற்றும் நேரத்தில் கரைக்கு அழைத்துப் போங்கள் என்று பெற்றோரையும் ஆசிரியர்களையும் அது கேட்டுக்கொண்டது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் படத்துக்குக் கீழே ‘கடல் அட்டை’ என்று அச்சிட்டிருந்ததும், ‘கையில் எடுத்துப் பாருங்கள், போத்தலில் போட்டு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்’ என்று எழுதியிருந்ததும் திருத்தப்பட வேண்டியவை. அந்தப் படத்தில் இருந்தது ஓடில்லாக் கடல் நத்தை. அதை எப்படித் தேடுவது, எப்படி இனம் காண்பது, ஏன் கையில் எடுக்கக் கூடாது என்பதை விவரமாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் பெயர். தோட்டத்துப் பிள்ளைக்கு அட்டை என்றால் மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் குடிப்பது. ‘கடல் அட்டை’ என்றதும் இதுவும் கடிக்கும் என்று பயந்து காலால் தள்ளிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் கடல் அட்டை என்ற பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு என்பது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மீனவர்கள் கடல் அட்டை என்பது, நம் நாட்டில் காமாட் எண்ணெய்க்குப் பயன்படும் அந்த உருண்டை நீளமான உயிரின் கூட்டத்தை. அது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம். படத்தில் இருந்ததோ மெல்லுடலி. நத்தை, சிப்பி, கணவாய் இவற்றின் குடும்பம். முட்டையிலிருந்து வரும்போது பெரும்பாலானவற்றுக்குச் சின்ன ஓடு ஒன்று இருக்கும். வளரும்போது அதைக் கழற்றிவிடும். சில இனங்களில் மட்டும் தோலுக்குள் மெல்லிய தகடாக மிஞ்சும். ஆகவே ‘ஓடில்லாக் கடல் நத்தை’ என்று அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். முயல் காது போலக் கொம்பு உள்ள ஒரு பிரிவுக்குக் ‘கடல் முயல்’ என்ற பெயர் தமிழில் புழங்குகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நேரம். கட்டுரையில் ‘காலையில் செல்லுங்கள்’ என்று மட்டும் இருந்தது. காலையில் போனால் கடல் நிறைந்தே இருக்கலாம். மலாக்கா நீரிணைக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். எல்லா வற்றமும் ஒரே ஆழத்துக்கு இறங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அவற்றை அடுத்த ஒன்றிரண்டு நாள்களிலும்தான் நீர் வெகுதூரம் பின்வாங்கி, மற்ற நாளில் மூழ்கியே கிடக்கும் பாறையும் கடற்புல்லும் வெளியே வரும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே பாதி விவரத்தைக் கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதி, அதாவது மணியும் உயரமும், கடல் ஏறும், வற்றும் நேரங்களைக் காட்டும் ‘பசாங் சூருட்’ அட்டவணையில் இருக்கிறது. மலேசிய நில அளவைத் துறையும் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையமும் ஆண்டுதோறும் அதை வெளியிடுகின்றன.

அட்டவணையில் அந்த மாதத்தின் மிகக் குறைந்த உயரம் காட்டும் நான்கைந்து நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் போவது வீண். எந்த நிலையத்தின் எண் என்பதையும் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்தில் நீர் ஏறி இறங்கும் அளவு போர்ட்டிக்சனைவிட அதிகம், நேரமும் வேறு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தெலோக் கெமாங்கிலோ தஞ்சோங் துவானிலோ இறங்கினால் கணக்குத் தப்பும். கடலிலிருந்து கரை நோக்கிப் பலமாகக் காற்று வீசும் நாளில், அட்டவணை சொன்னதைவிட நீர் உயரமாகவே நிற்கும்.

வற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும். நீர் பின்வாங்கப் பின்வாங்க அதைத் தொடர்ந்து இறங்கி, உச்ச நேரத்தில் கடைசி விளிம்பில் நிற்பதுதான் முறை. திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். ஏற்ற இறக்க வித்தியாசம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வற்றத்துக்குப் பிறகு முதல் மணி நேரத்தில் சுமார் 17 செ.மீ.தான் ஏறும். இரண்டாவதில் 33 செ.மீ., மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒவ்வொன்றிலும் 50 செ.மீ. முதல் மணி நேரத்தின் மந்தத்தைப் பார்த்து ஏமாந்து, கரைக்கும் தமக்கும் நடுவே பள்ளம் இருப்பதை மறந்து நிற்பவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். உச்சம் கழிந்து அரை மணி நேரத்தில் கரைப் பக்கம் திரும்பிவிட வேண்டும். பிள்ளைகள் உடன் இருந்தால் உச்ச நேரத்திலேயே திரும்புங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் வரும் சுமத்ரா புயல்காற்றை இந்தக் கரையில் அலட்சியம் செய்யக் கூடாது. மேற்கே கறுத்த மேகச் சுவர் தெரிந்தால் தேடலை நிறுத்திக் கரையேறுங்கள். திறந்த வெளியில் இடி முதலில் தேடுவது நிற்கும் ஆளைத்தான்.

பகல் வெயிலில் குட்டைகள் சூடேறிவிடும். உயிர்கள் கல்லுக்கு அடியிலும் பாசிக்குள்ளும் ஒதுங்கிக்கொள்ளும். இரவிலோ விடியலுக்கு முன்போ வரும் வற்றம்தான் சிறந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் விளக்கு இதற்கு அருமையாகப் பொருந்தும். இரண்டு கையும் சும்மா இருக்கும், ஒளியும் பார்வை போகும் திசையிலேயே விழும். காலுக்கு அதே கித்தாக் காட்டுக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, நாம் ‘அடிடாஸ் கம்போங்’ என்று சொல்வது, போதும். அடியில் முள் முள்ளாகப் பிடிப்பு உண்டு, கொட்டலசு கிழிக்காது, உப்பு நீரில் கெடாது. ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். சேற்றில் அது கழன்றுகொள்ளும்.

இனித் தேடும் விதம். பெரும்பாலானவர்கள் நடந்துகொண்டே தேடுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்புகிறார்கள். இந்த உயிர்களில் பல ஒரு விரல் மூட்டு அளவுகூட இராது. ஒரு குட்டையருகே குந்தி உட்கார்ந்து, நீர்ச் சலனம் அடங்கும் வரை ஓரிரு நிமிடம் அசையாமல் இருந்து, பிறகு பார்க்க வேண்டும். ஒரு வீட்டு முன்வாசல் அளவு இடத்துக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். நத்தையைத் தேடாமல் அதன் சாப்பாட்டைத் தேடுங்கள். பெரும்பாலான இனங்கள் ஒன்றிரண்டு வகை உணவை மட்டுமே தின்னும். உணவு இல்லாத இடத்தில் அவை இரா. கடற்பஞ்சு படர்ந்த கல், பெரணி இலை போலப் பழுப்பாக அசையும் ஹைட்ராய்டு என்னும் கொட்டும் உயிர், மெல்லிய பச்சை இறகு போன்ற பிரையாப்சிஸ் பாசி, கடற்புல் இலையின் நுனி இவற்றைப் பாருங்கள். முட்டையும் நல்ல அடையாளம். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிற ரிப்பனைச் சுருட்டி ரோஜாப்பூ போலக் கல்லில் ஒட்டி வைத்திருந்தால், அது பெரும்பாலும் இவற்றின் முட்டைதான். ஆள் சுற்றியுள்ள ஒரு முழத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். மீ சூப்பில் போடும் சேமியா போலச் சிக்கலாகக் கிடந்தால் அது கடல் முயலுடையது.

கல்லைப் புரட்டலாமா என்று கேட்பார்கள். முடிந்தவரை வேண்டாம். புரட்டினால் ஒரு கையால் தூக்கக்கூடிய கல்லை மட்டும் மெதுவாகச் சாய்த்துப் பார்த்து, அதே குழியில் அதே பக்கம் கீழிருக்கும்படி வைத்துவிடுங்கள். மேல்பக்கப் பாசிக்கு வெளிச்சம் வேண்டும். அடிப்பக்கக் கடற்பஞ்சுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். மாற்றிப் போட்ட கல்லில் இரண்டும் சாகும். ஒரு கூட்டம் பிள்ளைகள் ஒரு காலையில் புரட்டிப் போட்டுவிட்டுப் போன இடம் அப்படியே வெளுத்துக் கிடக்கும்.

கண்டுபிடித்த பிறகு இனம் காண்பது. எல்லாரும் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. ஒரே இனத்தில் நிறம் மாறும், வயதுக்கேற்ப மாறும், தின்றதற்கேற்பவும் மாறும். உடலமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு உயிர் நீருக்குள் இருக்க வேண்டும். நீரை விட்டு வெளியே கிடந்தால் எல்லாம் சளிக் கட்டி போலச் சுருங்கிவிடும். பலர் பார்த்தும் பார்க்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

தலையைக் கண்டுபிடியுங்கள். முன்பக்கம் மேலே இரண்டு கொம்பு இருக்கிறதா? அவை கண் அல்ல, மூக்கு. நீரில் கரைந்து வரும் வாசனையை அறிபவை. முகர்கொம்பு என்று சொல்லலாம். அவை வழுவழுப்பா, அடுக்கடுக்காகத் தகடு வைத்ததுபோலா, வெற்றிலையைச் சுருட்டியதுபோல் பக்கவாட்டில் பிளந்தவையா என்று பாருங்கள். இந்த ஒன்றே பாதி விடையைத் தந்துவிடும். பிறகு முதுகின் பின்பகுதிக்கு வாருங்கள். அங்கே பூக்கொத்து போல் செவுள் விரிந்திருந்தால், நடுவில் மலவாய் இருக்கும். அது டோரிட் பிரிவு. நிழல் விழுந்தாலே சிலவற்றில் அந்தப் பூ உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே கையை மேலே நீட்டாமல் இரண்டு நிமிடம் காத்திருந்து பார்த்த பிறகே ‘செவுள் இல்லை’ என்று முடிவு செய்யுங்கள்.

பூக்கொத்து இல்லாமல் முதுகு முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தால் ஏயோலிட் பிரிவு. அந்த விரல்களுக்குள் செரிமானச் சுரப்பியின் கிளைகள் ஓடும். இவற்றில் பல, ஹைட்ராய்டையும் கடற்சாமந்தியையும் தின்று, அவற்றின் கொட்டும் நுண்ணுறுப்புகளை வெடிக்கவிடாமல் கடத்தி விரல் நுனியில் சேர்த்து வைத்துத் தம் ஆயுதமாக்கிக்கொள்ளும். கையில் எடுக்காதீர்கள் என்பதற்கு முதல் காரணம் இது.

சுருட்டிய முகர்கொம்பும், இரு பக்கமும் மடித்துப் போர்த்திய இலை போன்ற உடலும், பச்சை நிறமும் சேர்ந்தால் சாறு உறிஞ்சும் பிரிவு. பாசியின் உயிரணுவைக் குத்தி உறிஞ்சி, அதில் ஒளியைக் கொண்டு உணவு செய்யும் பசுங்கணிகங்களைத் தன் உடலில் வைத்துக்கொள்ளும். பிளாகோபிராங்கஸ் ஓசெல்லாட்டஸ் என்ற இனம் அந்தப் பசுங்கணிகங்களை வாரக்கணக்கில் வேலை செய்யும் நிலையிலேயே வைத்திருக்கும். மணலும் கடற்புல்லும் கலந்த இடத்தில் வெளிறிய தட்டை இலையாகக் கிடக்கும், மேலே கண் போன்ற வளையப் புள்ளிகள் இருக்கும். மடித்த பக்கங்களுக்குள்தான் பச்சை ஒளிந்திருக்கும். எலிசியா ஒர்நாட்டா என்ற இன்னொன்றுக்கு மடிப்பின் விளிம்பில் ஆரஞ்சுக் கோடும் அதற்கு வெளியே கறுப்புக் கோடும் உண்டு. பிரையாப்சிஸ் பாசியில் தேடுங்கள்.

பூவும் இல்லை, விரலும் இல்லை, கறுப்பு முதுகில் கட்டி கட்டியாகப் பரு. தொடாமலே கெட்டி என்று தெரியும் உடல். அது ஃபிலிடியா குடும்பம். இவற்றின் செவுள் முதுகில் இல்லை. மேற்போர்வைக்கும் பாதத்துக்கும் இடையிலான பள்ளத்தில் வரிசையாக இருக்கும். இங்கே முகர்கொம்பின் நிறத்தைக் கவனியுங்கள். ஃபிலிடியா வாரிகோசாவுக்கு மஞ்சள் கொம்பு. நீலச் சாம்பல் வரம்புகள் நீளவாக்கில் ஓடி, மேலே மஞ்சள் நுனிப் பருக்கள் இருக்கும். ஃபிலிடியெல்லா பஸ்டுலோசாவுக்குக் கறுப்புக் கொம்பு. வெளிறிய இளஞ்சிவப்பு அல்லது பச்சை கலந்த பருக்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். பருக்கள் தனித்தனியாக, உருண்டையாக, செந்நிறமாகச் சிதறியிருந்தால் ஃபிலிடியெல்லா நைக்ரா. இந்தக் குடும்பம் கடற்பஞ்சிலிருந்து விஷத்தைச் சேர்த்துவைத்துச் சளியோடு கக்கும். ஜொகான்னஸ் என்ற ஆய்வாளர் 1963இல் பதிவு செய்ததே, ஃபிலிடியா வாரிகோசாவின் சளி உடன் இருந்த மீனையும் இறால் வகையையும் கொன்றதைத்தான். ‘போத்தலில் போட்டுக் கொண்டு வாருங்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே போத்தலில் நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் சேர்த்துப் போட்டால் வகுப்பறைக்கு வந்து சேர்வது பிணங்கள்தான்.

டோரிட் பிரிவில் பிள்ளைகள் மறக்காத ஓர் இனம் ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ். வெள்ளை உடலில் கறுப்பு வளையங்கள், கறுப்பு ஓரம் வைத்த செவுள். கூர்ந்து பார்த்தால் தோல் வழுவழுப்பாக இராது, வெல்வெட் துணி போல நுண்ணிய மொட்டுகள் நிறைந்திருக்கும். நீலக் கடற்பஞ்சு இதன் சாப்பாடு. இந்தியப் பெருங்கடல் முழுவதும், மேற்குப் பசிபிக்கிலும் பரவியுள்ள இதற்கு 1859இல் முதன்முதலில் பெயர் சூட்டியவர், இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட். நூல்களில் பெயருக்குப் பின்னால் ‘(கெலார்ட், 1859)’ என்று பிறை அடைப்புக்குள் வரும். அடைப்பு இருந்தால், அவர் முதலில் வைத்த பேரினத்திலிருந்து, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியிலிருந்து, பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய புத்தகமும் புதிய புத்தகமும் ஒரே படத்துக்கு வேறு பெயர் சொல்வதைக் கண்டு குழம்ப வேண்டாம். 2012இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு, குரோமோடோரிஸ் என்று அழைக்கப்பட்ட பல இனங்கள் கோனியோபிராங்கஸ் ஆகிவிட்டன.

கறுப்பாக, மென்மையாக, அலையலையான விளிம்போடு டோரிட் ஒன்று கண்டால் டென்ட்ரோடோரிஸ் பேரினமாக இருக்கலாம். அதற்குப் பல்லே கிடையாது. கடற்பஞ்சைக் கரைத்து உறிஞ்சும். சேறும் மணலும் கலந்த பகுதியில், கறுப்பும் வெள்ளையும் நீளக் கோடுகளாகப் பாதி புதைந்து கிடந்தால் ஆர்மினா. கடற்பேனா என்னும் பவள உறவினத்தைத் தின்பது. மணலில் விரலால் கோடு இழுத்ததுபோல் தடம் முடியும் இடத்தில் மண்வெட்டி வாய் போலத் தட்டையான தலையோடு, கொம்பில்லாமல் இருந்தால் தலைக்கவசப் பிரிவு. செவுள் வலப்பக்கத்தில் மட்டும் இருந்தால் பக்கச்செவுள் பிரிவு. சீண்டினால் அமிலம் சுரக்கும்.

கடல் முயல்களை ஒரு வார்த்தையில் கடந்து போக மனம் வரவில்லை. பர்சடெல்லா லீச்சி உடம்பெங்கும் கிளைத்த மயிர் போன்ற நீட்சிகளோடும் நீலக் கண் புள்ளிகளோடும், சில மாதங்களில் கூட்டங்கூட்டமாகச் சேற்று மணலில் வரும். தொந்தரவு செய்தால் ஊதா மை விடும். டோலபெல்லா ஆரிகுலேரியா அதைவிடப் பெரியது. பின்பக்கம் சீவி விட்டதுபோல் சரிந்த வட்டமாக இருக்கும். சொரசொரத்த கல் என்று நினைத்து மிதித்துவிடுவார்கள். இந்த இனத்திலிருந்து 1987இல் பிரித்தெடுத்த டோலாஸ்டாட்டின் 10 என்ற பொருளின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த மருந்துக்கூறு, இன்று நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிரென்டுக்சிமாப் வெடோட்டினில் இருக்கிறது. அம்மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் பொருளை உண்மையில் உண்டாக்குவது அது தின்னும் நீலப்பச்சைப் பாசி என்று பின்னர் தெரியவந்தது. சாப்பாட்டைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

இனி, நத்தை போலவே இருந்து ஏமாற்றுபவை. முதலாவது தட்டைப்புழு. பளபளக்கும் நிறம், அலையலையான விளிம்பு, முன்னால் இரண்டு கொம்புபோல் ஏதோ ஒன்று. பார்த்ததும் கடல் நத்தை என்றே தோன்றும். பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். நத்தைக்கு மேலே போர்வையும் கீழே பாதமுமாக இரண்டு அடுக்கு தெரியும். தட்டைப்புழு தோசை போல ஒரே ஏடு. அதன் கொம்பு தனி உறுப்பல்ல, முன் விளிம்பை மடித்து நிமிர்த்தியது. செவுள் எங்கும் கிடையாது. நகர்வதும் வேறு, மேடு பள்ளத்தின் மேல் எண்ணெய் வழிவதுபோல் வேகமாக ஒழுகிப் போகும். சில தட்டைப்புழுக்கள் ஃபிலிடியா நத்தையின் நிறத்தையே போட்டுக்கொண்டிருப்பதால் நிறத்தை நம்பினால் நிச்சயம் தவறு நேரும். தொட்டால் பிய்ந்துபோகும் உடல், ஆகவே தொட்டுச் சோதிக்கும் எண்ணமே வேண்டாம்.

இரண்டாவது, வற்றத்தில் பாறை மேல் நீருக்கு வெளியே நிம்மதியாக ஊர்ந்துகொண்டிருக்கும் சாம்பல் பழுப்பு நிறச் சொறிக்கட்டி. இது ஒங்கிடியம் குடும்பம். காற்றை மூச்சாக இழுப்பது. காய்கறித் தோட்டத்து ஓடில்லா நத்தைக்கு நெருங்கிய சொந்தம். இதன் இரு தண்டுகளின் நுனியில் கண் இருக்கும்; சில இனங்களின் முதுகிலும் நுண்ணிய கண்கள் உண்டு. நீர் வற்றியதும் வெளியே வந்து பாறைப் பாசியை மேய்ந்து, ஏறும் முன் பொந்துக்குள் போய்விடும். காய்ந்த பாறையில் சுறுசுறுப்பாக நடக்கிறது என்றால் அது இதுதான். மாணவர் கட்டுரைகளில் அதிகம் தவறாகக் குறிக்கப்படுவதும் இதுவே.

படம் எடுப்பதில் சில குறிப்புகள். நீருக்கு மேலிருந்து எடுக்கும்போது வானம் கண்ணாடி போல் பிரதிபலிக்கும். ஒரு கறுப்புக் குடையைச் சாய்த்து நிழல் தந்தால் அது போய்விடும். கைப்பேசியின் பிளாஷை அணைத்து, தலை விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலிருந்து முழு உடல், தலை மட்டும், பக்கவாட்டுத் தோற்றம், செவுள், பிறகு சற்று விலகி அது இருக்கும் கல், பஞ்சு, பாசி எல்லாம் தெரியும்படி ஒன்று. கடைசிப் படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆராய்வோர் முதலில் கேட்பது அதைத்தான். அளவுக்குப் பக்கத்தில் ஒரு 10 சென் காசை வையுங்கள், மேலே அல்ல. 2012 முதல் வரும் 10 சென் காசின் குறுக்களவு 18.8 மி.மீ., 20 சென் 20.6 மி.மீ. எந்தக் காசு என்று எழுதி வைத்துவிட்டு, காசை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள், மணி, அட்டவணை காட்டிய நீர் உயரம், இடம், அடித்தளம் மணலா சேறா பாறையா, அருகில் இருந்த உணவு, நீளம், கொம்பின் நிறம், எத்தனை இருந்தன என்பதை அங்கேயே குறியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் கொம்பின் நிறம் மனத்தில் நிற்காது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தை ஏற்றினால் அறிந்தவர்கள் சரிபார்ப்பார்கள். பேரினம் வரை சொல்ல முடிந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது முறையான பதிவுதான். ஃபிலிடியெல்லா பஸ்டுலோசா என்று நாம் சொல்வதற்குள்ளேயே பல இனங்கள் மறைந்திருப்பதை மரபணு காட்டியிருக்கிறது. பல்வரிசையையும் உள்ளுறுப்பையும் பார்க்காமல் பிரிக்க முடியாதவையும் உண்டு. தப்பான இனப்பெயரைவிட ‘ஃபிலிடியெல்லா, இனம் தெரியவில்லை’ என்ற வரி ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வகை உணவை நம்பி வாழும் உயிரைத் தொட்டியில் வைத்தால் அது பட்டினியில் மெல்லச் சுருங்கிச் சாகும். பல இனங்களின் மொத்த ஆயுளே ஓர் ஆண்டுக்குள். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் முட்டையிடப் பெரும்பாலும் இன்னொன்று வேண்டும். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றை எடுத்தால், அந்தக் கல்லில் அடுத்த தலைமுறைக்கே வழியடைத்துவிடுகிறோம். தொட நேர்ந்தாலும் கொசு மருந்தும் வெயில் களிம்பும் பூசிய கையால் தொடாதீர்கள்.

நம் உடலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். கல்மீன், நீள முள் கடல் முள்ளெலி, கூம்புச் சங்கு எதிலும் கை படக் கூடாது; அழகான கூம்புச் சங்கைப் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுதான் மிக ஆபத்து. திருக்கையோ கல்மீனோ குத்தினால் தாங்கக்கூடிய சூடான நீரில், சுமார் 45 பாகையில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்துங்கள். தோல் வெந்துவிடாதபடி நல்ல காலில் முதலில் சோதித்துப் பாருங்கள். உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வழியிலும் இதைத் தொடரலாம். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் ஒரே விளிம்பில் இறக்காதீர்கள். அதற்கு மேல் போனால் பிள்ளைகளையும் பார்க்க முடியாது, காலடியில் நசுங்குவதையும் பார்க்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்தப் படத்தின் பெயரைத் திருத்தி, போத்தலில் கொண்டு வரச் சொன்ன வரியையும் நீக்கி, மாணவர் பகுதியிலேயே ஒரு குறிப்பு வெளியிடுங்கள். ஞாயிறு பதிப்பின் மூலையில் அல்ல. பிள்ளைகள் வெட்டி ஒட்டுவது மாணவர் பகுதியைத்தான். அடுத்து, ராகு காலமும் அமாவாசையும் அச்சிடும் அதே கட்டத்தில், தினமும் கடல் வற்றும் இரண்டு நேரங்களையும் உயரத்தையும் சேர்த்துப் போடுங்கள். பினாங்கு, கிள்ளான் துறைமுகம், போர்ட்டிக்சன் என்று மூன்று வரி போதும். மீன் பிடிப்பவர்களுக்கும் உதவும். உயரம் மீட்டரில், ஒரு தசமப் புள்ளி வரை. எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது என்பதும் கீழே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடற்கரை உயிர்களைக் கவனித்துப் பதிவு செய்வோர் சிலர்,
சிலியாவ், நெகிரி செம்பிலான்.